வீட்டிலேயே கிரிக்கெட் பேட்டின் எடையைக் குறைப்பது எப்படி?

குறைக்கலாம். நானே குறைத்திருக்கிறேன். அதனால்தான் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் கடந்துபோக முடியவில்லை.

நீங்கள் கேட்டிருப்பதைப் பார்த்தால், அந்த பேட் உங்கள் கைக்கென்று பார்த்து வாங்கியது இல்லை என்று தோன்றுகிறது. யாரோ கொடுத்திருப்பார்கள், இல்லை தூக்கிப் பார்க்காமலே வாங்கியிருப்பீர்கள். புல் ஷாட் ஆடப் போனால் பேட் சுற்றி வருவதற்குள் பந்து கீப்பர் கையில் இருக்கும். சரிதானே?

எனக்கு வாய்த்தது அண்ணனின் பேட். வேலை கிடைத்து வெளிநாடு கிளம்பியபோது "வச்சுக்கோடா, பத்திரம்" என்று கொடுத்துவிட்டுப் போனான். டெண்டுல்கர் மூன்று பவுண்டுக்கு மேல் கனமான பேட்டில் ஆடினார் என்பதை வேதவாக்காக எடுத்துக்கொண்ட ஆள் அவன். அவனுக்குத் தோளும் இருந்தது. எனக்கு மணிக்கட்டே குச்சி. சமையலறைத் தராசில் வைத்தேன், 1275 கிராம். பேட்காரர்கள் கணக்கில் 2 பவுண்டு 13 அவுன்ஸ். நான் ஆசைப்பட்டது 2 பவுண்டு 8 அவுன்ஸ், அதாவது 1135 கிராம் சுமார். 140 கிராம்தானே என்று நினைத்தேன். அந்த 'தானே'தான் வினை.

முதலில் மேல் கிரிப்பை, அதாவது கைப்பிடியில் மாட்டும் ரப்பர் உறையைக் கழற்றினேன். அண்ணன் இரண்டு கிரிப் போட்டிருந்தான். ஒன்றை உருவியதும் தராசு 1220 காட்டியது. சந்தோஷமாக ஒரு கவர் டிரைவ் வீசிப் பார்த்தால், பேட் முன்பைவிடக் கனக்கிறது! பிரமை என்று நினைத்து மறுபடி வீசினேன். கனக்கத்தான் செய்தது.

காரணம் பிறகுதான் புரிந்தது. தராசு காட்டும் எடை வேறு, பேட்டைத் தூக்கும்போது கை உணரும் கனம் வேறு. இதைத்தான் பிக்கப் என்பார்கள். கைப்பக்கம் இருக்கும் எடை பேட்டைத் தூக்க உதவுகிறது, தூரத்தில் அடிமுனையில் இருக்கும் எடை கையை இழுக்கிறது. கைப்பக்கத்து எடையைக் கழித்ததும் சமநிலைப் புள்ளி கீழே நகர்ந்துவிட்டது. ஆகவே உங்கள் பேட்டில் ஒரே கிரிப் இருந்தால் முதலில் இன்னொன்று போட்டுப் பாருங்கள். மொத்த எடை கூடும், ஆனால் தூக்க லேசாக இருக்கும். பலருக்கு வேலை அத்தோடு முடிந்துவிடும். கையைக் கொஞ்சம் கீழிறக்கிப் பிடித்தாலும் வித்தியாசம் தெரியும்.

எனக்கு அன்றைக்கு இதைச் சொல்ல ஆளில்லை. ஆத்திரத்தில் மர அரத்தை எடுத்தேன். முழங்காலுக்கு இடையில் பேட்டைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, தடியாகத் தெரிந்த இரண்டு எட்ஜையும் (பக்க விளிம்புகள்), அப்புறம் அடிமுனையையும் ராவினேன். ஒரு மணி நேரம். சட்டை, புருவம், மூக்கு எங்கும் தூள். அந்தத் தூளை எல்லாம் கூட்டி அள்ளினால் ஒரு கிண்ணம் நிறைய வந்தது. குறைந்தபட்சம் 100 கிராம் இருக்கும் என்று தராசில் கொட்டினேன். 23 கிராம்!

நிறுத்தியிருக்க வேண்டும். வில்லோ மரமே லேசானது, கன சென்டிமீட்டருக்கு அரை கிராம்கூடத் தேறாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். பிளேடு நீளம் 56 செ.மீ., அகலம் 10.8 செ.மீ. என்று வைத்தால் பின்பக்கம் முழுக்க சுமார் 600 சதுர செ.மீ. அதில் 100 கிராம் எடுக்க, மூலை முடுக்கு விடாமல் 4 மி.மீ. ஆழத்துக்கு இழைக்க வேண்டும். பேட்டில் 4 மி.மீ. என்பது சின்ன விஷயம் இல்லை. நான் அதைப் பின்பக்கம் முழுக்கப் பரப்பவும் இல்லை, எட்ஜிலும் முனையிலும் மட்டுமே தின்றேன். மூன்று நாளில் 80 கிராம் போனது. 1140! வெற்றி!

மூன்றாவது மேட்சில் ஒரு யார்க்கர், நேராகக் காலடிக்கே வந்து விழுந்த பந்து. கீழே அழுத்தித் தடுத்தேன். 'டக்' என்று வர வேண்டிய சத்தம் 'சடக்' என்று வந்தது. முனையிலிருந்து மேலே நாலு விரல் நீளத்துக்கு விரிசல்.

உண்மையில் அந்த யார்க்கர்தான் காரணமா என்று எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு. எங்கள் டீமில் ஒருவனிடமும் சொந்த பேட் கிடையாது. எல்லோரும் என்னுடையதில்தான் ஆடுவார்கள். ஆடிவிட்டுப் போகட்டும், அதே பேட்டின் முனையால் ஸ்டம்பை அடித்து இறக்குவார்கள். "டேய், கல்லெடுத்து அடிங்கடா" என்றால் "பேட் என்ன கண்ணாடியா?" என்பார்கள். பேட் கொடுத்தவன் ஒன்பதாவது இறங்குவான், வாங்கியவன் ஓப்பனிங். கேப்டனிடம் கேட்டால் "டீம் காம்பினேஷன்" என்பார். சரி, அதை விடுங்கள்.

"1974-லேயே கிரே-நிக்கல்ஸ் கம்பெனிக்காரர்கள் ஸ்கூப் பேட்டில் பின்பக்கத்தைக் குடையவில்லையா, உனக்கு வேலை தெரியாதது மரத்தின் குற்றமா?" என்று யாராவது வரலாம். ஒப்புக்கொள்கிறேன், எனக்கு வேலை தெரியாதுதான். ஆனால் அவர்கள் குடைந்தது நடு முதுகை. முனையைத் தொடவில்லை. அது தெரிந்து செய்த வேலை.

இவ்வளவு சொன்ன பிறகும் இழைத்தே தீருவேன் என்றால், முன்பக்கத்தில் கை வைக்காதீர்கள். பந்து படும் அந்தப் பக்கத்தைச் செய்யும்போதே எந்திரத்தில் அழுத்தி இறுக்கியிருப்பார்கள், அந்தத் தோலைச் சீவினால் பேட் செத்தது. கைப்பிடி பிளேடுக்குள் இறங்கும் V வடிவ இணைப்பும் முனையும் அப்படியே இருக்கட்டும். கைப்பிடிக்குக் கீழே பிளேடு தொடங்கும் தோள்பட்டையில் இழைத்தும் பயனில்லை, தராசு இறங்கும், பிக்கப் மாறாது. பின்பக்க முதுகெலும்புக்கு இரண்டு புறமும், நடுவிலிருந்து கீழ்நோக்கி, முனைக்கு நாலு விரல் முன்னால் நிற்கும்படி லேசாகக் குழிக்க வேண்டும். பத்து இழுப்புக்கு ஒருமுறை நிறுத்தி வீசிப் பாருங்கள். 40, 50 கிராமுக்கு மேல் ஆசைப்பட வேண்டாம். கடைசியில் உப்புத்தாள் போட்டு, திறந்த மரத்தில் ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லத் தடவுங்கள். ஊற்றினால் குறைத்த எடை திரும்பி வந்துவிடும். வெயிலில் காயவைத்து எடை குறைக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஈரம் போகும், எடையும் கொஞ்சம் குறையும், கூடவே மரம் மொறுமொறுவென்று ஆகி வெடிக்கும்.

சட்டப் பிரச்சினை எதுவும் வராது. அகலம் 10.8 செ.மீ., தடிமன் 6.7 செ.மீ., எட்ஜ் 4 செ.மீ. என்று உச்சவரம்புதான் இருக்கிறது, எடைக்கு வரம்பே இல்லை.

விரிசலுக்கு மரப்பசை விட்டு நூல் சுற்றி வைத்திருந்தேன். அண்ணன் லீவில் வந்தபோது கேட்காமலே எடுத்தான். இரண்டு தடவை வீசினான். "பிக்கப் நல்லா இருக்கேடா, நான் ஆடும்போது இப்படி இல்லையே" என்றான். அப்புறம் பின்பக்கம் திருப்பி, மேடு பள்ளமாகக் கிடந்த எட்ஜைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே போனான்.

"கரையானாடா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.