4கே எடிட்டிங் கணினிக்கு எந்த எஸ்எஸ்டி?

வணக்கம் நண்பரே. தினமும் 150 ஜிபி அளவுக்கு வீடியோ ஏற்றுகிறீர்கள், இப்போதுள்ள க்யூஎல்சி (ஒரு செல்லில் 4 பிட் வைக்கும் மலிவு வகை எஸ்எஸ்டி) டிரைவில் காப்பி பாதியில் படுத்துவிடுகிறது, நம்பி வாங்க 2 டிபியில் எது நல்லது என்று கேட்டிருந்தீர்கள்.

உங்கள் டிரைவ் பழுதாகவில்லை. க்யூஎல்சியில் கேஷ் (எழுதுவதை முதலில் வேகமாக வாங்கி வைக்கும் தற்காலிகப் பகுதி) நிரம்பும்வரைதான் வேகம். நிரம்பியதும் பழைய ஹார்ட் டிஸ்க் அளவுக்கு இறங்கிவிடும், அதிலும் டிரைவ் முக்கால்வாசி நிரம்பியிருந்தால் இன்னும் சீக்கிரம். பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் வேகத்தைப் பார்த்து வாங்காதீர்கள். டிஎல்சி (ஒரு செல்லில் 3 பிட் வைக்கும், க்யூஎல்சியைவிட வேகமான வகை), கூடவே டிராம் (எந்தத் தரவு எங்கே என்ற பட்டியலை வைக்கும் வேக நினைவகம்), இந்த இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். சாம்சங் 990 ப்ரோ, டபிள்யூடி பிளாக் எஸ்என்850எக்ஸ் இரண்டிலும் உண்டு. 2 டிபி மாடலுக்கு 5 ஆண்டு அல்லது 1200 டிபி எழுதும்வரை வாரண்டி. உங்கள் வேலை 5 ஆண்டில் 275 டிபிக்குள் அடங்கிவிடும், அதனால் தேய்மானக் கவலையே வேண்டாம்.

990 ப்ரோ என்றால் மாட்டியதும் ஃபர்ம்வேரை (டிரைவுக்குள் ஓடும் மென்பொருள்) பாருங்கள். ஆரம்பத்தில் வந்தவற்றில் ஹெல்த் சதவீதம் (மீதமுள்ள ஆயுளைக் காட்டும் எண்) மளமளவென்று குறைந்தது. 2023இல் அப்டேட் விட்டுச் சரிசெய்தார்கள். இரண்டில் விலை குறைந்ததை எடுங்கள், ஹீட்சிங்க் (சூட்டை இறக்கும் உலோகத் தகடு) கட்டாயம்.

அப்புறம், எஸ்எஸ்டி பெரும்பாலும் முன்னறிவிப்பு இல்லாமல்தான் போகும். ஒரிஜினல் ஃபுட்டேஜை வேறொரு ஹார்ட் டிஸ்க்கில் அன்றன்றே எடுத்து வைத்துவிடுங்கள்.