முகத்தில் புற்றுநோயல்லாத எலும்புக் கட்டி இருந்தால் வாய் திறக்க முடியாமல் போகுமா? அறுவை சிகிச்சை கட்டாயமா?

போகும். எனக்குப் போனது. ஒரு நாளும் வலித்ததில்லை என்பதால் கண்டுபிடிக்க ஐந்து வருடம் ஆனது.

பெரியவர்களுக்கு வாய் ஏறத்தாழ 40 மில்லிமீட்டர் திறக்க வேண்டும், அதாவது மூன்று விரல் நுழையும் அளவு. எனக்கு ஒரு விரலே இடித்தது. வாய் திறக்காவிட்டால் எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது தாடை மூட்டைத்தான். தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறீர்கள் என்று சொல்லி எனக்குப் பல்லுறை செய்து கொடுத்தார்கள். அதை மாட்டவே வாயைத் திறக்க வேண்டுமே!

கீழ்த்தாடை எலும்பு மேலே போய் இரண்டு முனைகளாகப் பிரியும். பின்முனை காதுக்கு முன்னால் மூட்டாக அமர்ந்திருக்கும். கூரான முன்முனைக்குக் கொரோனாய்டு என்று பெயர். வாயைத் திறக்கும்போது அது கன்ன எலும்பின் உட்பக்கமாக நகர்ந்து செல்லும். அங்கே இருப்பது ஒரு குறுகலான சந்து. என் கொரோனாய்டில் குருத்தெலும்புத் தொப்பியோடு ஆஸ்டியோகாண்ட்ரோமா என்னும் புற்றுநோயல்லாத எலும்புக் கட்டி காளான்போல் வளர்ந்திருந்தது. அது கன்ன எலும்போடு உரசி உரசி, இல்லாத இடத்தில் ஒரு மூட்டையே உண்டாக்கிவிட்டது. இந்த நிலையை 1899இல் விவரித்த ஜேக்கப்பின் பெயரிலேயே இதை ஜேக்கப் நோய் என்கிறார்கள். சாதாரண எக்ஸ்ரேயில் கன்ன எலும்பின் நிழல் மறைத்துவிட்டது. சி.டி. ஸ்கேனில்தான் பிடிபட்டது.

என் நிலையில் அறுவை சிகிச்சையைத் தவிர வேறு வழியில்லை. எலும்பு முட்டி நிற்கும்போது மாத்திரையும் பயிற்சியும் என்ன செய்யும்? வாய்க்குள்ளிருந்தே கொரோனாய்டை வெட்டி எடுத்தார்கள், வெளியே தழும்பில்லை. நான் பயந்தது மயக்க மருந்துக்குத்தான். வாய் திறக்காததால், விழித்திருக்கும்போதே மூக்கு வழியாகக் குழாயை மூச்சுக்குழாய்க்குள் செலுத்தினார்கள். அதன்பின் பல மாதம் தினமும் வாய் திறக்கும் பயிற்சி. சோம்பல்பட்ட வாரங்களில் உள்தழும்பு இறுகி, திறப்பு மறுபடி குறைந்தது.

எல்லாக் கட்டிக்கும் கத்தி தேவையில்லை. தொந்தரவு தராத சிறிய ஆஸ்டியோமாவை (முழுக்க எலும்பாலான, புற்றுநோயல்லாத கட்டி) அவ்வப்போது படமெடுத்துப் பார்த்துக்கொண்டாலே போதும். மூட்டு முனையில் வளர்ந்து, முகவாய் மறுபக்கம் ஒதுங்கி, பற்கள் பொருந்தாமல் போனால் சிக்கல்தான்.

உங்களுக்குக் கட்டி ஒன்றா, பலவா என்று எழுதவில்லை. தாடையில் பல ஆஸ்டியோமாக்கள் இருந்தால் கார்ட்னர் நோய்க்குறியாக இருக்கலாம். அதில் பெருங்குடலில் வளரும் பாலிப்புகள் (சிறு சதை வளர்ச்சிகள்) கவனிக்காவிட்டால் பின்னாளில் புற்றுநோயாக மாறும். அப்படியானால் தாடைக்கு முன்பே கொலோனோஸ்கோபி (கேமரா குழாயால் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை) பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.