அழைப்பு மணி ஓயாமல் அடித்தால்: புற்றுநோய் பற்றிய கேள்வி பதில்

கேள்வி (நாகர்கோவில்): செல்லுக்குச் செய்தி கொண்டுபோகும் புரதங்கள் நம் உடலுக்குச் சொந்தமானவைதாமே? அவை எப்படிப் புற்றுநோயை வளர்க்கின்றன?

பதில்: சொந்தமானவைதாம் ஐயா. கையில் அரிவாள் வெட்டு ஆறுவதற்குக்கூட அவை வேண்டும். வளர்ச்சிக் காரணி என்னும் செய்திப் புரதம் ஒன்று, செல்லின் மேல் செய்தியைப் பெற நிற்கும் ஏற்பி என்ற புரதத்தில் வந்து ஒட்டியதும், உள்ளே ராஸ், ராஃப் முதலிய புரதங்கள் ஒன்றையொன்று தூண்டி, பெருகச் சொல்லும் கட்டளையை உட்கருவில் கொண்டுசேர்க்கின்றன. காயம் ஆறியதும் அது அடங்கிவிடும். மரபணுப் பிழையால் ராஸ் அடங்காமல் நின்றுவிட்டால், வெளியிலிருந்து எந்தத் தூண்டுதலும் இல்லாமலேயே செல் பெருகிக்கொண்டிருக்கும்.

கேள்வி (மார்த்தாண்டம்): அப்பாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய். செட்டுக்சிமாப் ஊசி போடுவதற்கு முன் கே-ராஸ் பரிசோதனை முடிவு வரட்டும் என்கிறார் மருத்துவர். காத்திருக்கத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டும். கே-ராஸ் என்பது மேலே சொன்ன ராஸ் புரதங்களில் ஒன்று; ஏற்பிக்குப் பின்னால், செல்லுக்குள் இருப்பது. அந்த ஊசியோ ஏற்பியை வெளிப்புறத்தில் அடைக்கிறது. வாசலில் அழைப்பு மணியின் பொத்தானை யாரும் தொடாதபடி மூடினாலும், சுவருக்குள் இரண்டு கம்பிகள் ஒட்டிக்கொண்டிருந்தால் மணி அடித்துக்கொண்டேதான் இருக்கும். பெருங்குடல் புற்றுநோயாளிகளில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினருக்கு கே-ராஸில் மாற்றம் இருக்கிறது. பொதுவாக அவர்களுக்கு அந்த ஊசியால் செலவும் பக்கவிளைவும்தான் மிஞ்சும்.

கேள்வி (தக்கலை): தங்கையின் மார்பகத் திசு அறிக்கையில் 'ஹெர்-2: 2+' என்று உள்ளது. பாசிட்டிவா, நெகட்டிவா?

பதில்: இப்போதைக்கு இரண்டுமில்லை. ஹெர்-2 என்பதும் செல்லின் மேலுள்ள ஓர் ஏற்பிதான். சாயமேற்றிய திசுவை நுண்ணோக்கியில் பார்க்கும்போது, செல்களைச் சுற்றி அடர்பழுப்பு வளையம் முழுமையாகத் தெரிந்தால் 3+. வளையம் மங்கலாக இருந்தால் 2+. அப்போது ஹெர்-2 மரபணுவின் பிரதிகளை எண்ணும் ஃபிஷ் பரிசோதனைதான் முடிவு சொல்லும். ஒருகாலத்தில் ஹெர்-2 மிகுந்த கட்டி என்றாலே அச்சம்தான். 1998-இல் ஹெர்-2-ஐக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் மருந்து வந்தபின் நிலைமை வெகுவாக மாறிவிட்டது.

கேள்வி (குளச்சல்): அம்மாவுக்கு மார்பில் வந்த நோய் ஏன் இடுப்பெலும்புக்குப் போக வேண்டும்?

பதில்: முதலில், பக்கத்துச் செல்லோடு பிணைத்துவைக்கும் ஈ-கேடெரின் என்ற புரதம் குறையும்போது, புற்றுச் செல் கூட்டத்தைவிட்டு விலகி இரத்தத்தில் கலக்கிறது. அப்படிப் போவனவற்றில் பெரும்பாலானவை வழியிலேயே மடிந்துவிடும். எலும்பை அடைந்து பிழைத்தவை பி.டி.எச்.ஆர்.பி. என்ற புரதத்தைச் சுரக்கின்றன. அதனால் எலும்பைக் கட்டும் செல்கள் ராங்க்-எல் என்னும் சமிக்ஞையை மிகுதியாக வெளியிட, எலும்பை அரிக்கும் செல்கள் விழித்துக்கொள்கின்றன. அரிபடும் எலும்பில் சேமிக்கப்பட்டிருந்த டி.ஜி.எஃப்.-பீட்டா என்ற செய்திப் புரதம் வெளிப்பட்டு, புற்றுச் செல்லை மேலும் பி.டி.எச்.ஆர்.பி.யைச் சுரக்கச் செய்கிறது. கடனுக்கு வட்டி, வட்டிக்கு வட்டி என்று ஏறுவதுபோல இது சுழன்றுகொண்டே இருக்கிறது. இதில் விந்தை என்னவென்றால், நோயின் தொடக்கத்தில் செல் பெருகாமல் தடுத்துவந்ததும் இதே டி.ஜி.எஃப்.-பீட்டாதான். டெனோசுமாப் ஊசி ராங்க்-எல்லைப் பிடித்து இச்சுழலை நடுவில் அறுக்கிறது. ஜோலெட்ரோனிக் அமிலம் என்ற மருந்து எலும்பை அரிக்கும் செல்களை முடக்குகிறது. இவை எலும்பு முறிவைக் குறைக்குமேயன்றி, புற்றுநோயைத் தனியாகக் குணப்படுத்தா. ஊசி தொடங்குமுன் அம்மாவின் பற்களைப் பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். பிறகு பல் பிடுங்க நேர்ந்தால் தாடையெலும்பு ஆறாமல் போகக்கூடும்.

கேள்வி (மணவாளக்குறிச்சி): அண்ணனுக்குக் கன்னத்தின் உட்புறத்தில் புற்று. எங்கள் கடற்கரை மணல்தான் காரணம் என்று ஊரில் சொல்கிறார்கள்.

பதில்: மணலிலுள்ள மோனசைட் என்ற கனிமத்தில் கதிர்வீச்சை உமிழும் தோரியம் இருப்பது உண்மை, கதிர்வீச்சு சமிக்ஞைப் புரதங்களின் மரபணுக்களைச் சிதைக்கக்கூடும் என்பதும் உண்மை. செர்னோபில் விபத்துக்குப்பின் குழந்தைகளுக்கு வந்த தைராய்டு புற்றுகள் பலவற்றில், ரெட் என்ற ஏற்பியின் மரபணு உடைந்து வேறொன்றோடு ஒட்டியிருந்தது. ஆனால் இதே வகை மணலுள்ள கொல்லம் மாவட்டத்துக் கருநாகப்பள்ளியில் நடந்து, 2009-இல் வெளியான பெரிய ஆய்வில், இயற்கைக் கதிர்வீச்சு மிகுந்த பகுதிகளில் புற்றுநோய் கூடுதலாகக் காணப்படவில்லை. அண்ணன் வெற்றிலையோடு புகையிலையும் போடுபவரா என்பதை நீங்கள் எழுதவில்லை. நான் முதலில் கேட்க விரும்புவது அதைத்தான்.