கார்டை வெட்டினால் கணக்கு மூடாது

கேள்வி: ஒன்பது வருடமாக வைத்திருந்த கிரெடிட் கார்டு. ‘ஆயுளுக்கும் இலவசம்’ என்று சொல்லித்தான் தலையில் கட்டினார்கள். இரண்டு வருடங்களுக்கு முன் திடீரென்று ஆண்டுக் கட்டணம் 590 ரூபாய் போட்டார்கள். கஸ்டமர் கேரில் சண்டை போட்டு, ‘கார்டே வேண்டாம், பணமும் தரமாட்டேன்’ என்று சொல்லிவிட்டு கார்டை இரண்டாக வெட்டிப் போட்டேன். அதன்பின் தொடவே இல்லை. இப்போது பாக்கி 16,400 என்கிறார்கள். வசூல் ஏஜென்ட் அலுவலகத்துக்கே போன் செய்து அவமானப்படுத்துகிறார். 5,000 கட்டினால் செட்டில் செய்து தருவதாக வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்க இருக்கிறேன். சிபில் ஸ்கோர் (கடன் மதிப்பெண்) கெடாமல் கணக்கை மூடுவது எப்படி? மன உளைச்சலுக்கு வழக்குப் போடலாமா? இன்னொரு பழைய கார்டும் இருக்கிறது, கையோடு அதையும் மூடிவிடவா? (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)

பதில்: நீங்கள் எழுதியதில் சட்டத்துக்கு வேண்டியது ஒரே வாக்கியம்: ‘கார்டே வேண்டாம், பணமும் தரமாட்டேன்.’ முதல் பாதி உங்களுக்குச் சாதகம். இரண்டாவது பாதி அதைக் கெடுத்துவிட்டது.

மூடச் சொல்லிக் கேட்டால் 7 வேலை நாட்களுக்குள் வங்கி மூடியாக வேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்று 2022-இல் ரிசர்வ் வங்கி விதி கொண்டுவந்தது. போனில் கேட்டாலும் செல்லும். தபாலில்தான் அனுப்ப வேண்டும் என்று வங்கி பிடிவாதம் பிடிக்க முடியாது. ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரு நிபந்தனை உண்டு: கணக்கில் பாக்கி இருக்கக் கூடாது. அன்று 590 ரூபாய் நின்றது. அது நியாயமான கட்டணமா இல்லையா என்பது வேறு விஷயம். அது நிற்கும்வரை அந்த 7 நாள் கணக்கே தொடங்காது. கார்டை வெட்டியதற்குச் சட்டத்தில் எந்த அர்த்தமும் இல்லை.

ஆயுளுக்கும் இலவசம் என்று வாயால் சொன்னது, கஸ்டமர் கேர் பெண் எரிந்து விழுந்தது, ஒன்பது வருட விசுவாசம் எல்லாவற்றையும் ஓரமாக வையுங்கள். ஏஜென்ட் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ அழைத்தால், அலுவலகத்தில் மானத்தை வாங்கினால், அது தனிப் புகார். எழுதிப் போடுங்கள், பலன் இருக்கும். அதனால் பாக்கி குறையாது. மன உளைச்சல் வழக்கு போடலாம். வாய்தா வாங்கி வாங்கி அது முடிவதற்குள் உங்கள் வீட்டுக்குக் கிரகப்பிரவேசமே முடிந்துவிடும்.

இனி அந்த 5,000 ரூபாய்க்கு வருகிறேன். என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் இந்தக் குழியில் விழுந்த பிறகுதான் வருகிறார்கள். செட்டில்மென்ட் என்றால் ‘கணக்கு தீர்ந்தது’ என்று நாம் நினைக்கிறோம். வங்கியின் மொழியில் அதற்கு, ‘இவர் தர வேண்டியதை முழுதாகத் தரவில்லை, மீதியை நாங்கள் விட்டுக்கொடுத்தோம்’ என்று பொருள். கடன் அறிக்கையில் ‘க்ளோஸ்டு’ என்று வராது, ‘செட்டில்டு’ என்று வரும். அந்த ஒரு சொல்லைப் பார்த்ததும் வீட்டுக் கடன் அதிகாரி கோப்பை ஒதுக்கி வைப்பார், இல்லையென்றால் வட்டியை ஏற்றுவார். 30 லட்சம், 20 வருடக் கடனில் அரை சதவிகிதம் ஏறினாலே மாதத் தவணை ஏறக்குறைய 950 ரூபாய் கூடும். செட்டில்மென்ட்டில் நீங்கள் மிச்சம் பிடிப்பது 11,400. ஒரே வருடத்தில் அது போய்விடும். மீதி 19 வருடம் தண்டம்.

ஆகவே வங்கியிடம் செட்டில்மென்ட் என்ற சொல்லையே எடுக்காதீர்கள். கேட்க வேண்டியது ‘ரிவர்சல்’. அதாவது, போட்டிருக்கக் கூடாத கட்டணத்தை நீக்குங்கள், எஞ்சியதை முழுதாகக் கட்டுகிறேன் என்று கேளுங்கள். இப்படிச் செய்தால் பாக்கி பூஜ்யமாகி, கணக்கு முறையாக மூடப்படும். கையில் இரண்டு பிடி இருக்கிறது. கட்டாமல் நிற்கும் கட்டணத்தையும் வரியையும் அசலோடு சேர்த்து அதன்மேல் வட்டி போடக் கூடாது என்பது ஒரு விதி. ஒரு வருடத்துக்கு மேல் பயன்படுத்தாத கார்டு என்றால் உங்களுக்குத் தகவல் சொல்லி மூடும் வேலையை வங்கியே தொடங்க வேண்டும் என்பது இன்னொன்று. பாக்கி இருந்தது என்று வங்கி தப்பிக்கப் பார்க்கும். ஆனால் தகவலாவது அனுப்பினீர்களா என்று கேட்டால் பதில் தடுமாறும். ஏஜென்ட்டிடம் பேச வேண்டாம். வங்கியின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சலில் எழுதி, மாதவாரி ஸ்டேட்மென்ட் கேளுங்கள். நீங்கள் சொல்லும் கணக்குப்படி ஆண்டுக் கட்டணம் இரண்டு முறை, 1,180 ரூபாய். மீதி முழுக்கத் தாமதக் கட்டணமும் வட்டியும்தான்.

எழுதும்போது ஒரு எச்சரிக்கை. ‘நான் 16,400 தர வேண்டியிருக்கிறது, தள்ளுபடி செய்யுங்கள்’ என்று கெஞ்சி எழுதாதீர்கள். அது கடனை ஒப்புக்கொள்வது. காலவரையறைச் சட்டம் 18-ஆம் பிரிவின்படி அன்றிலிருந்து வங்கிக்குப் புதிதாக மூன்று வருடம் கிடைத்துவிடும். ‘என் உரிமைகளுக்குப் பாதகமின்றி’ என்று தொடங்கி, தொகையை மறுத்தே எழுதுங்கள். மூன்று வருடம் ஓட்டிவிட்டால் தானாகக் காலாவதியாகிவிடுமே என்று யாராவது காதில் ஓதினால் நம்பாதீர்கள். காலாவதியாவது வழக்குப் போடும் உரிமை மட்டும்தான், கடன் அறிக்கைப் பதிவு அப்படியே நிற்கும்.

30 நாளில் வங்கி அசையவில்லை என்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். ஆனால் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது, கடன் அவசரம் என்றால் என் யோசனை கசப்பானது: ‘எதிர்ப்புடன் செலுத்துகிறேன்’ என்று எழுதி அனுப்பிவிட்டு 16,400-ஐயும் கட்டித் தொலையுங்கள். வங்கியின் கணக்கில் நேராகக் கட்டுங்கள். ஏஜென்ட் அனுப்பும் எண்ணுக்கு ஜிபே செய்து பணத்தை இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இதைப் படிப்பவர்களில் 4 லட்சம் பாக்கி, வேலையும் போய்விட்டது என்ற நிலையில் இருப்பவர்களுக்கு மேலே சொன்னது பொருந்தாது. அவர்களுக்குச் செட்டில்மென்ட்தான் வழி, வெட்கப்பட ஒன்றுமில்லை. வங்கியின் கடிதம் கைக்கு வராமல் ஒரு ரூபாய் கட்டாதீர்கள், அவ்வளவுதான். அப்புறம், தவணைக்குப் பின்தேதியிட்ட செக் கொடுக்காதீர்கள். கார்டு பாக்கி வெறும் சிவில் விவகாரம். அந்த செக் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-ஆம் பிரிவில் கிரிமினல் வழக்கு. பாக்கியோடு வந்தவர் குற்றவாளிக் கூண்டுக்குப் போன கதைகள் என் அலமாரியில் நிறைய.

சரி, கட்டிய பிறகு? மறுநாளே மூடச் சொல்லாதீர்கள். அடுத்த ஸ்டேட்மென்ட் வரட்டும். கட்டிய தேதிவரைக்குமான வட்டி என்று சில ரூபாய் எட்டிப் பார்க்கும். அந்த நாற்பது ரூபாயில்தான் கதை மறுபடி தொடங்கும். அதையும் கட்டி, ஆட்டோ டெபிட் எதுவும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்து, பூஜ்யம் வந்ததும் மூடும் கோரிக்கையைக் கொடுத்து, அதற்கான எண்ணை வாங்குங்கள். பாக்கியில்லாச் சான்றிதழை வாங்கி வையுங்கள். கணக்கு மூடியதை 30 நாளில் சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்களுக்கு வங்கி தெரிவிக்க வேண்டும். நான்கு நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு அறிக்கை இலவசமாகத் தருகின்றன. நான்கையும் எடுத்துப் பாருங்கள். பிழை இருந்து, புகார் கொடுத்து 30 நாளாகியும் திருத்தவில்லை என்றால் அதற்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய் கேட்கலாம்.

இன்னொரு பழைய கார்டை இப்போது தொடாதீர்கள். அதை மூடினால் உங்கள் மொத்தக் கடன் வரம்பு சுருங்கும், அதே செலவு வரம்பில் பெரிய பங்காகத் தெரியும், ஸ்கோர் இறங்கும். வீட்டுக் கடன் கைக்கு வந்தபின் மூடிக்கொள்ளலாம். அதுவரை மாதம் ஒரு சின்னச் செலவு செய்து முழுதாகக் கட்டிவாருங்கள்.