பட்டறைக் கேள்வி பதில்: இழுக்கும் வண்டியைத் தள்ளும் வண்டியாக்கலாமா?

முன் சக்கரங்கள் இழுக்கும் காரைப் பின் சக்கரங்கள் தள்ளும் காராக மாற்றுவது பற்றி தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஐந்துக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என்னிடம் பழைய மாருதி 800 இருக்கிறது. மாந்தோப்புக்குப் போகும் மண் ஏற்றத்தில், பின்னால் கூடைகளை ஏற்றிவிட்டால் முன் சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுற்றுகின்றன. என் மைத்துனரின் ஆம்னியிலிருந்து எஞ்சின், கியர் பாக்ஸ், பின் ஆக்சில் மூன்றும் கிடைக்கும். வீட்டுக் கொட்டகையிலேயே வண்டியைப் பின் சக்கர வண்டியாக மாற்ற முடியுமா ஐயா? – பென்னாகரம் வாசகர்

பதில்: முடியும். ஆனால் தகட்டில் கை வைப்பதற்கு முன்னால் நீங்கள் செய்து பார்க்க வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது. கூடைகளை இறக்கிவிட்டு, வழியில் ஆளோ மாடோ இல்லாதபடி பார்த்துக்கொண்டு, அதே ஏற்றத்தில் வண்டியை ரிவர்ஸ் கியரில் பின்புறமாக ஏற்றிப் பாருங்கள். அப்போது உங்கள் முன் சக்கரங்கள் பள்ளத்துப் பக்கம் இருக்கும். எஞ்சினின் எடையும் சரிவினால் இறங்கும் எடையும் சேர்ந்து அவற்றின் மீது அழுத்தும். வண்டியின் மொத்த எடையோடு ஒப்பிட்டால், மாற்றிய பிறகு சுமையோடு ஏறும்போது பின் சக்கரங்களுக்குக் கிடைக்கப்போகும் பிடியைவிடச் சற்று அதிகமான பிடியே அவற்றுக்குக் கிடைக்கும். அப்படியும் சக்கரம் சுற்றிக்கொண்டே நின்றால் குறை டயரிலும் மண்ணிலும் இருக்கிறது என்று பொருள். ஆக்சிலை மாற்றி அதைத் தீர்க்க முடியாது.

இதைக் கணக்காகவே காட்டுகிறேன். ஓட்டுபவரோடு சேர்த்து வண்டி 700 கிலோ என்றும், அதில் 60 பங்கு முன்னாலும் 40 பங்கு பின்னாலும் நிற்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். அதாவது முன்னே 420, பின்னே 280. பின் ஆக்சிலுக்கு நேர் மேலே 200 கிலோ மாங்காய் ஏற்றினால் பின்னே 480 ஆகிறது. 100 அடிக்கு 20 அடி உயரும் ஏற்றத்தில், வண்டியின் எடை மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் இருந்தால், மேலும் 40 கிலோ அளவு முன்னிருந்து பின்னுக்கு நகர்கிறது. சரிவில் எடை முழுவதும் சக்கரங்களை அழுத்தாது என்பதால் அதையும் கழித்துப் பார்த்தால் முன் சக்கரங்களின் மீது ஏறத்தாழ 370 கிலோவும் பின் சக்கரங்களின் மீது 510 கிலோவும் அழுத்தும். ஆகவே சுமையோடு ஏறும்போது பின் சக்கர இயக்கத்துக்கு உண்மையான ஆதாயம் உண்டு. சுமை இல்லாமல் ஏறும்போது அந்த ஆதாயம் இல்லை. இதை அறிந்துகொண்டு வேலையைத் தொடங்குவது நல்லது.

உங்களிடம் இருக்கும் பொருள்கள் நல்ல பொருத்தம் உடையவை. மாருதி 800-க்கும் ஆம்னிக்கும் ஒரே 796 சி.சி. மூன்று சிலிண்டர் எஞ்சின்தான். 800-இல் அது குறுக்காக நின்று முன் சக்கரங்களை இழுக்கிறது. ஆம்னியில் நீளவாட்டில், முன் இருக்கைகளுக்கு அடியில் சாய்ந்து படுத்து, ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் என்னும் நீண்ட சுழல்தண்டு வழியாகப் பின் ஆக்சிலைச் சுழற்றுகிறது. ஆனால் ஆம்னியின் முன் பின் சக்கரங்களுக்கு இடையே 1,840 மில்லிமீட்டர்தான். 800-இல் அது 2,175 மில்லிமீட்டர். எஞ்சினும் 800-இல் இன்னும் முன்னால் தள்ளி நிற்கும் என்பதால், ஆம்னியின் ஷாஃப்ட் அப்படியே எட்டாது. லேத்தில் நீளத்தைக் கூட்டிய பிறகு அதை பேலன்ஸ் பார்க்காமல் மாட்டவே கூடாது. ஓசூர்ப் பக்கம் லாரி ஷாஃப்ட் வேலை செய்து பழகிய பட்டறைகளில் இதைக் கேட்டுப் பாருங்கள்.

இனி நான் வற்புறுத்திச் சொல்ல விரும்பும் செய்தி. இந்த மாற்றத்தில் சக்கரத்தைச் சுழல வைப்பது கடினமான வேலை அன்று; சுழலும் ஆக்சிலை அதன் இடத்தில் பிடித்து நிறுத்துவதே கடினமான வேலை. 800-இன் பின் ஆக்சில் எடையைத் தாங்கவும் பிரேக் பிடிக்கவும் மட்டுமே பிறந்தது. அதைத் தாங்கும் தரைத் தகடும் அந்த அளவுக்கே செய்யப்பட்டது. எஞ்சினின் முறுக்கு விசை 59 நியூட்டன் மீட்டர். முதல் கியரும் கிரவுனும் (பின் ஆக்சிலுக்குள் வேகத்தைக் குறைத்து முறுக்கைக் கூட்டும் பெரிய பற்சக்கரம்) சேர்ந்து அதை 15 மடங்கு ஆக்குகின்றன என்று கொண்டால், கால் மீட்டர் ஆரமுள்ள சக்கரத்தின் வழியாக ஏறத்தாழ 360 கிலோ தள்ளுவிசை பிறக்கிறது. அந்த விசை முழுவதும் ஆக்சிலைப் பிடிக்கும் கைகளின் வழியாகவோ, லீஃப் ஸ்பிரிங்கின் முன் கண் வழியாகவோ, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தகட்டுக்குள் போகிறது. ஒவ்வொரு முறை கிளட்சை விடும்போதும் ஆக்சில் ஹவுசிங் எதிர்ப்பக்கமாகத் திரும்பி மூக்கைத் தூக்கப் பார்க்கும். வெறும் தகட்டில் பிராக்கெட்டை வெல்டிங் வைத்தால் சில மாதங்களில் வெல்டிங்கைச் சுற்றித் தகடு கிழிவதைக் காண்பீர்கள். மேலும் கீழும் தடித்த தகடு வைத்து, நடுவே குழாய் கொடுத்து, போல்ட் போட்டு இறுக்கி, அந்தத் தகடுகளைக் கதவுக்குக் கீழே ஓடும் பக்கவாட்டுப் பெட்டிச் சட்டத்தோடு இணைத்தால்தான் விசை உடல் முழுவதும் பரவும்.

தரையை வெட்டி ஷாஃப்டுக்கு வழி செய்யும் முன், கதவு வாய்களுக்குக் குறுக்கே இரும்புக் குழாய் வைத்துத் தற்காலிகமாக வெல்டிங் செய்துவிடுங்கள். மூலைக்கு மூலை அளந்து எழுதி வையுங்கள். இப்படிச் செய்யாமல் வெட்டிய ஒரு வண்டியை இரண்டு நாள் கழித்து என்னிடம் கொண்டுவந்தார்கள். நான்கு கதவுகளில் ஒன்றுகூடச் சரியாக மூடவில்லை. பெட்ரோல் டேங்கை வேலையின் முதல் நாளே கழற்றி வெளியே வைத்துவிட வேண்டும். காலி டேங்க் என்று அலட்சியம் வேண்டாம். காலி டேங்கில் நிற்கும் ஆவிதான் அதிகம் வெடிக்கும். ஜாக்கியை மட்டும் நம்பியோ, ஹாலோ பிளாக் அடுக்கியோ வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். ஹாலோ பிளாக் எந்த எச்சரிக்கையும் இன்றி நொறுங்கும்.

முன்பக்கத்தில் பலரும் தவறவிடும் ஓர் இடம் உண்டு. முன் டிரைவ் ஷாஃப்டுகளைக் கழற்றி எறிந்துவிட்டு வண்டியை உருட்டலாம் என்று நினைக்கிறார்கள். பெரும்பாலான முன் சக்கர வண்டிகளில், வெளிப்புற ஜாயின்ட்டின் தண்டும் அதன் நட்டும்தான் சக்கர பேரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அந்தத் தண்டு இல்லாவிட்டால் பேரிங் பிரிந்து சக்கரமே கழன்றுவிடும். ஆகவே வெளி ஜாயின்ட்டை மட்டும் பிரித்தெடுத்து, அதன் தண்டை ஹப்பிலேயே விட்டு, நட்டை உரிய இறுக்கத்தில் முறுக்கிவிட வேண்டும்.

ஷாஃப்டின் முன்முனைக்கு அருகில் தடித்த இரும்பு வளையம் ஒன்றைத் தரையோடு பொருத்துவதும் கட்டாயம். பல ஆண்டுகளுக்கு முன் நான் உடன் சென்ற ஒரு வண்டியில், ஷாஃப்டை வளைந்து சுழல விடும் கிராஸ் ஜாயின்ட்டின் போல்டுகள் அறுந்து ஷாஃப்டின் முன்முனை தார்ச்சாலையில் குத்தியது. வேகம் குறைவாக இருந்ததால் தரைத் தகடு கிழிந்ததோடு போயிற்று. அன்று முதல் வளையம் இல்லாத ஷாஃப்ட் வேலையை நான் ஏற்பதில்லை.

இவ்வளவும் எழுதிய பிறகும் என் மனத்தில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். கூடை ஏற்றுவது மட்டுமே நோக்கம் என்றால், மைத்துனரின் ஆம்னியைப் பிரிக்காமல் சரிசெய்து ஓட்டுங்கள். நீங்கள் செய்ய நினைக்கும் மாற்றம் அந்த வண்டியில் ஏற்கெனவே ஒழுங்காகச் செய்யப்பட்டிருக்கிறது.

கேள்வி: எஞ்சினைத் திருப்பாமல், குறுக்காக நிற்கும் கியர் பாக்ஸின் ஒரு பக்க வாயிலிருந்தே ஷாஃப்டை எடுத்துப் பின் ஆக்சிலுக்குக் கொடுத்தால் என்ன? வளைவில் இரு பக்கச் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியலை வெல்டிங் வைத்துப் பூட்டிவிடலாம் அல்லவா? – ஓசூர் வாசகர்

பதில்: பலருக்கும் முதலில் தோன்றும் யோசனை இது, தாளில் கணக்கிட்டால் அங்கேயே நின்றுவிடும். குறுக்கு கியர் பாக்ஸுக்குள்ளேயே கடைசிக் குறைப்புப் பற்சக்கரம் இருக்கிறது. நான்கு சுற்றுக்கு ஒரு சுற்று என்ற அளவில் வேகம் அங்கேயே குறைந்துவிடுகிறது. பின் ஆக்சிலின் கிரவுன் அதை மறுபடியும் நான்கில் ஒன்றாக்கும். இரண்டும் 4.1 என்று கொண்டால் மொத்தம் 16.8. டாப் கியர் நேர் விகிதம் என்றால், எஞ்சின் நிமிடத்துக்கு 5,000 சுற்று சுற்றும்போது சக்கரம் 297 சுற்றுதான் சுற்றும். 145/70 ஆர்12 டயரின் சுற்றளவு ஏறத்தாழ 1.6 மீட்டர். ஆக, எஞ்சின் அலறும்போது வண்டி மணிக்கு 28 கிலோமீட்டர் போகும். அது மட்டுமின்றி, அந்த ஷாஃப்ட் வழக்கமான ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைப்போல் நான்கு மடங்கு முறுக்கைச் சுமக்க வேண்டியிருக்கும். வாய் பக்கவாட்டில் பார்த்து நிற்பதால், அதைப் பின்னோக்கித் திருப்ப இன்னொரு கோணப் பெட்டியும் வேண்டும். விட்டுவிடுங்கள்.

கேள்வி: எஞ்சின், கியர் பாக்ஸ், முன் சஸ்பென்ஷன் எல்லாவற்றையும் ஒரே கட்டாக இறக்கி, பின் இருக்கை இருக்கும் இடத்தில் வைத்துவிட முடியுமா? – காவேரிப்பட்டணம் வாசகர்

பதில்: இரண்டு பேர் மட்டும் உட்காரும் வண்டி போதும் என்றால், வீட்டுப் பட்டறைக்கு இதுவே நேர்மையான வழி என்பது என் கருத்து. ஷாஃப்ட் வேண்டாம், தனி கிரவுன் வேண்டாம். பெரிய நிறுவனங்களே இதைச் செய்திருக்கின்றன. 1972-இல் வந்த ஃபியட் எக்ஸ்1/9, முன் சக்கர வண்டியான ஃபியட் 128-இன் இயந்திரக் கட்டைப் பின்னால் வைத்துக்கொண்டது. 1984-இல் வந்த டொயோட்டா எம்.ஆர்.2-வும் அதே மரபில் பிறந்தது.

கட்டை எந்தத் திசையில் முன்னால் இருந்ததோ அதே திசையில் பின்னால் வைக்க வேண்டும். அரைச் சுற்றுத் திருப்பி வைத்துவிட்டால், உங்களுக்கு முன்னோக்கி ஒரு கியரும் பின்னோக்கி நான்கு கியர்களும் கிடைக்கும்.

கவனம் முழுவதும் டை ராடுகளில் இருக்கட்டும். முன்னால் ஸ்டீயரிங் பிடித்துக்கொண்டிருந்த அந்த ராடுகளைப் பின்னால் அசையாத பிராக்கெட்டில் கட்ட வேண்டும். ராடின் உள்முனை தவறான உயரத்தில் இருந்தால், சக்கரம் மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போதெல்லாம் பின் சக்கரம் தானாகத் திரும்பும். அதாவது வண்டி பின்னாலிருந்து தன்னைத்தானே ஸ்டீயரிங் செய்துகொள்ளும். ராடு, சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் சஸ்பென்ஷன் கைக்கு இணையாகவும் ஏறத்தாழ அதே நீளத்திலும் இருக்க வேண்டும். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, சக்கரத்தை ஜாக்கியால் அங்குலம் அங்குலமாகத் தூக்கி, ஒவ்வோர் அங்குலத்திலும் டோ (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) எவ்வளவு மாறுகிறது என்று அளந்து, பிறகே பிராக்கெட்டை முழுமையாக வெல்டிங் செய்யுங்கள். ரேடியேட்டரை முன்னாலேயே விட்டுக் குழாய் கொண்டுபோனால், உயரமான இடங்களில் காற்றை வெளியேற்ற வழி வையுங்கள்.

எடை பின்னுக்குப் போவதால் பிரேக்கின் குணமும் மாறும். முன் சக்கரங்களின் மீது அழுத்தம் குறைந்து அவை முன்பைவிட எளிதில் பூட்டிக்கொள்ளும். வளைவில் காலை ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென எடுத்தால் பின்பக்கம் வெளியே வீசும்.

கேள்வி: மாற்றிய வண்டியை ஆர்.சி. புத்தகத்தில் எழுதி வாங்கிக்கொண்டு தொப்பூர் வழியாகச் சேலம் வரை ஓட்டலாமா? – பாலக்கோடு வாசகர்

பதில்: கூடாது. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. 182-ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கவும் அது காரணமாகும். தொப்பூர்க் கணவாயின் இறக்கத்தில் தொழிற்சாலையிலிருந்து ஒழுங்காக வந்த வண்டிகளே தடுமாறிப் பிறர் உயிரைப் பறித்திருக்கின்றன. நம் கொட்டகையில் செய்த வண்டியை நம் தோட்டத்து வேலிக்குள்ளேயே ஓட்டிப் பழகுவோம்.

கேள்வி: தோட்டத்துக்குள் ஓட்டுவதற்காக மாற்றிவிட்டேன். 30-ஐத் தாண்டினால் தரை முழுவதும் அதிர்கிறது. ஷாஃப்டை இரண்டு முறை பேலன்ஸ் பார்த்தாயிற்று. – அரூர் வாசகர்

பதில்: பேலன்ஸ் சரியாக இருந்தால் கோணத்தைப் பாருங்கள். கிராஸ் ஜாயின்ட் வளைந்து சுற்றும்போது, சீரான வேகத்தில் உள்ளே போகும் சுழற்சி ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகமாகியும் மெதுவாகியும் வெளியே வருகிறது. வளைவு 10 டிகிரி என்றால் ஏற்ற இறக்கம் ஏறத்தாழ ஒன்றரை விழுக்காடு. 20 டிகிரி என்றால் ஆறு விழுக்காடு. பின்முனை ஜாயின்ட் அதே அளவு வளைந்திருந்தால்தான் முன்னது செய்ததை அது சரிசெய்யும். ஆகவே கியர் பாக்ஸின் வெளித்தண்டும் கிரவுனின் மூக்கும் ஒன்றுக்கொன்று இணையான கோடுகளில் இருக்க வேண்டும். ஷாஃப்டின் இரு முனைகளிலும் ஜாயின்ட்டைப் பிடித்திருக்கும் கவட்டைகளும் ஒரே தளத்தில் நிற்க வேண்டும். லேத்தில் நீளம் கூட்டும்போது ஒன்றைக் கால் சுற்றுத் திருப்பி வெல்டிங் வைத்துவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. வண்டியைச் சக்கரங்களின் மீதே நிறுத்தி, வழக்கமான சுமையை ஏற்றிய பிறகு, கோணமானியைக் கியர் பாக்ஸ், ஷாஃப்ட், கிரவுனின் மூக்கு ஆகிய மூன்று இடங்களிலும் வைத்து அளந்து எழுதி அனுப்புங்கள். இரு ஜாயின்ட்டுகளின் வளைவுக் கோணங்களுக்கும் இடையே ஒரு டிகிரிக்கு மேல் வேறுபாடு இருந்தால், ஆக்சிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே ஆப்பு வடிவத் தகடு வைத்துச் சரிசெய்துவிடலாம். கவட்டை திரும்பியிருந்தால் ஷாஃப்டை மறுபடியும் வெட்டித்தான் ஆக வேண்டும்.