எரிநட்சத்திர ராத்திரியும் கையில் ஒரு கல்லும்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணாச்சி, நம்ம திருநெல்வேலிப் பக்கம் எரிநட்சத்திரம் பார்க்க ஆகஸ்ட் நல்லதா, டிசம்பரா?

பதில்: டிசம்பர்தான் தம்பி. ஆகஸ்ட் 12, 13-ல் வரும் பெர்சீட்ஸ் என்ற எரிநட்சத்திரப் பொழிவு நமக்கு வடக்கு வானத்தில் பாதி உயரம்கூட ஏறாது, அதோடு குற்றாலச் சாரல் மேகம் வேறு. டிசம்பர் 13, 14 ராத்திரி ஜெமினிட்ஸ் என்ற பொழிவு புனர்பூச நட்சத்திரங்களுக்குப் பக்கத்திலிருந்து கிளம்பி வருவது போலத் தெரியும், இரண்டு மணி வாக்கில் அந்த இடம் நன்றாக மேலே ஏறியிருக்கும். மழைதான் பயம். ஆனால் மழை விட்ட ராத்திரியில் திசையன்விளை செம்மணல் தேரிப் பக்கம் நின்று பாருங்கள், வானம் அவ்வளவு சுத்தமாக இருக்கும். மாஞ்சோலைக்குக் கிளம்பிவிடாதீர்கள், அது புலிகள் காப்பகம், ராத்திரியில் விட மாட்டார்கள்.

கேள்வி: ஸ்படிகத்தை வெட்டவெளியில் வைத்தால் எரிநட்சத்திரத்தின் சக்தி அதில் ஏறுமா?

பதில்: ஏறாது. நாம் பார்க்கும் கீற்று பெரும்பாலும் மணல் அளவுத் துகள்தான். ஜெமினிட்ஸ் துகள் 1983-ல் கண்டுபிடித்த ஃபேத்தான் என்ற சிறுகோள் உதிர்த்தது, நொடிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் வந்து காற்றில் உரசி மேலேயே எரிந்து முடிந்துவிடும். கல்லுக்கு வேறு வேலை இருக்கிறது. எரிநட்சத்திரம் பார்ப்பதில் முக்கால்வாசி காத்திருப்பதுதான், பத்து நிமிஷம் ஒன்றும் வராது, கை தானாகப் போனைத் தேடும், ஒரு தடவை அதைப் பார்த்துவிட்டால் கண் மறுபடி இருட்டுக்குப் பழக 20, 30 நிமிஷம் ஆகும். அந்தக் கையில் கல் இருக்கட்டும். முதலில் சில்லென்று இருக்கும், மெதுவாகச் சூடேறும், ஒரு பக்கம் வழவழப்பு, ஒரு பக்கம் முனை, விரல் அதிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு கீற்று விழுந்ததும் அந்த நொடியில் மனதில் என்ன ஓடியது என்று பாருங்கள், கடனா, பிள்ளை படிப்பா, எதுவானாலும் சரி. பார்த்துவிட்டுக் கல்லை அடுத்த கைக்கு மாற்றுங்கள், அவ்வளவுதான். வேண்டுதல் எதுவும் வைக்க வேண்டாம், வைத்தால் அடுத்தது எப்போது விழும் என்ற அவசரம் வந்துவிடும்.

கேள்வி: எந்தக் கல் வாங்கலாம்?

பதில்: சாதாரண ஸ்படிகம் போதும். கண்ணாடியைக் கொடுத்து ஏமாற்றுவார்கள், உள்ளே உருண்டையான காற்றுக்குமிழி தெரிந்தால் கண்ணாடிதான். செவ்வந்திக்கல்லும் நல்லதுதான், பகல் வெயிலில் மட்டும் போட்டு வைக்காதீர்கள், நிறம் வெளுக்கும். செலினைட் வேண்டாம், நகம் பட்டாலே கீறும், நம்ம டிசம்பர் பனி ஈரத்துக்கும் ஆகாது.

கேள்வி: விண்கல் விழுந்து உண்டானது என்று பச்சையாக மோல்டவைட் விற்கிறார்களே?

பதில்: உண்மைதான் மதினி. சுமார் ஒன்றரைக் கோடி வருஷத்துக்கு முன்னால் இன்றைய ஜெர்மனியில் ஒரு விண்கல் மோதியபோது உருகித் தெறித்த மண் அது, பெரும்பாலும் செக் நாட்டில் கிடைக்கிறது. ஆனால் போலி ஏராளம், ஆன்லைனில் மலிவாக வந்தால் தொடவே வேண்டாம்.

கேள்வி: எரிநட்சத்திரத்தைப் பார்த்தால் ஆகாது, உடனே பச்சை மரத்தைப் பார் என்று எங்க ஆச்சி சொல்வாள். என்ன செய்ய?

பதில்: ஆச்சி பேச்சைத் தட்டாதீர்கள், மரத்தையும் பாருங்கள். வானத்திலிருந்து கண்ணை எடுத்து மரத்தில் வைக்கும் அந்த நேரம் மனம் நின்று நிதானிக்கும், நான் கல்லை வைத்துச் சொன்னதும் அதே வேலைதான்.

கேள்வி: பத்தமடைப் பாயை விரித்து வயலோரம் படுக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம், கட்டுவிரியன் ராத்திரியில்தான் நடமாடும். மொட்டை மாடிக்குப் போங்கள், இல்லையென்றால் கட்டிலைத் தூக்கிப் போட்டு அதன் மேல் பாயை விரியுங்கள்.