கடன், வெள்ளம், வாடைக்கடல்: "தேவன் தருவார்" என்று நம்புகிறவர்கள் கேட்டவை

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துச் சபை மக்கள் அனுப்பிய கேள்விகள். வேதபாடம் எடுப்பவரும் சபை உதவி நிதியைப் பார்ப்பவருமான மூத்த உறுப்பினர் ஒருவர் பதில் தருகிறார்.

செங்கலடியிலிருந்து ஒரு சகோதரி: ஐயா, மூன்று இடத்தில் குழுக்கடன் எடுத்திருக்கிறேன். கிழமைக்கிழமை தவணை. ஒரு கூட்டத்தில் "ஐயாயிரம் ரூபா காணிக்கையை விதையாகப் போடுங்கள், கடன் முழுக்க அடைபடும்" என்றார்கள். போடட்டுமா?

போடாதீங்கள் தங்கச்சி. அந்த ஐயாயிரம் உங்களுடைய காசு இல்லை, தவணைக்குப் போகவேண்டிய காசு. காணிக்கையைப் பற்றிப் பவுல் எழுதியது தெளிவு: "அவனுக்கு இல்லாததின்படியல்ல, அவனுக்கு உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும்" (2 கொரிந்தியர் 8:12). விதை கேட்பவர்கள், தசமபாகத்தை (பத்தில் ஒரு பங்கை) கொண்டுவந்தால் ஆசீர்வாதம் பொழியும் என்கிற மல்கியா 3:10-ஐக் காட்டுவார்கள். தசமபாகம் யாருக்குப் போனது என்று உபாகமம் 14:28-29-இல் பாருங்கள். மூன்றாம் வருடத் தசமபாகத்தை ஊருக்குள்ளேயே வைத்து லேவியன், பரதேசி, திக்கற்ற பிள்ளை, விதவை சாப்பிட்டுத் திருப்தியடையவேண்டும் என்று இருக்கிறது. கடனில் முங்கிக் கிடக்கிற உங்களிடம் கொஞ்சம் கொடுக்கவேண்டியவர்கள், உங்களிடமே வாங்க நிற்கிறார்கள்.

கடனுக்கு நீங்கள் படிக்கவேண்டிய பகுதி 2 இராஜாக்கள் 4. கடன் கொடுத்தவன் ஒரு விதவையின் இரண்டு பிள்ளைகளையும் அடிமைகொள்ள வந்து நிற்கிறான். தீர்க்கதரிசி எலிசா அந்தத் தாயிடம் கேட்டது, வீட்டில் என்ன இருக்கிறது என்றுதான். அயலவரிடம் பாத்திரம் இரவல் வாங்கச் சொல்கிறான். வீட்டிலிருந்த கொஞ்ச எண்ணெய் பெருகி அத்தனை பாத்திரமும் நிரம்பிய பிறகும் "விற்று, உன் கடனைத் தீர்த்து, மீந்ததைக்கொண்டு" பிழைக்கச் சொல்கிறான். அற்புதம் நடந்த வீட்டிலும் கடன் கட்டித்தான் தீர்ந்தது.

ஆகவே ஒரு கொப்பி எடுத்து, கடனுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். எடுத்த முதல், கட்டியது, மிச்சம், தவணை நாள், யார் பிணை என்று எழுதுங்கள். மூன்றாவதை அடைக்க நாலாவது எடுக்கவே வேண்டாம், பெரும்பாலானவர்கள் தாழ்வது அந்த இடத்தில்தான். நாளுக்கு நாள் ஏறுகிற மீற்றர் வட்டிக்காசு ஏதும் இருந்தால் அதை முதலில் முடியுங்கள். இல்லையென்றால் மிச்சம் ஆகக் குறைவான கடனை முதலில் முடியுங்கள். கணக்குப்படி வட்டி கூடியதை முதலில் அடைப்பதே லாபம். ஆனால் நாட்கூலி வீட்டில், கிழமைக்கு ஒரு தவணை நாள் குறைந்தால்தான் மூச்சு வரும்.

கட்ட முடியாது என்று தெரிந்தால், தவணை நாளுக்கு முதலே கிளைக்குப் போய் மீள்தவணை கேளுங்கள். தவணை குறையும், காலம் நீளும், மொத்த வட்டி கூடும். புதிய மொத்தத்தை எழுத்தில் வாங்கிப் பார்த்த பிறகு கையெழுத்து வையுங்கள். குழுவிலுள்ள மற்றப் பெண்களுக்கும் முன்கூட்டியே சொல்லுங்கள், நீங்கள் ஒளித்தால் அவர்கள் தலையில்தான் விழும். வங்கி அட்டை, அடையாள அட்டை, காணி உறுதி மூன்றையும் எவரிடமும் ஈடாகக் கொடுக்கவேண்டாம்.

வாழைச்சேனையிலிருந்து ஒரு கடற்றொழிலாளர்: வாடைக்காற்று வீசும் இரண்டு மாதம் கடலுக்குப் போக ஏலாது. சேர்த்து வைத்தால் "நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள்" என்ற வசனத்துக்கு மாறாகுமா?

இல்லை தம்பி. யாத்திராகமம் 16-இல் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து விழுந்த மன்னா என்ற உணவு நாளுக்கு ஆளுக்கு ஒரு ஓமர், ஏறக்குறைய இரண்டு லீற்றர். மற்ற நாட்களில் மிச்சம் வைத்ததில் புழு வந்தது. ஆறாம் நாளில் இரட்டிப்பாகச் சேர்த்ததில் வரவில்லை. மறுநாள் விழாது என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. வாடை வரும் என்று உங்களுக்கும் தெரியும். அது ஆறாம் நாள் கணக்குத்தான்.

வீட்டுச் செலவு நாளுக்கு 1,500 ரூபா என்று வைத்தால் 60 நாளுக்கு 90,000. எட்டு மாதத்தில் மாதம் 20 பாடு (கடலுக்குப் போய்வரும் தடவை) போனால் 160 பாடு. ஒவ்வொரு பாட்டிலும் ஏறத்தாழ 560 ரூபா ஒதுங்கவேண்டும். எண்ணெய், ஐஸ், ஆள்பங்கு கழித்த கையோடு, வீட்டுக்கு வரும் முதலே ஒதுக்குங்கள், மனைவியின் கணக்கில் போடுங்கள். வலை வாங்கும் காசோடு கலந்தால் வலைக்கே போய்விடும். இது இல்லாமல் வாடைக்கு முதலாளியிடம் முற்பணம் வாங்கினால், கடல் தெளிந்ததும் அவர் சொன்ன விலைக்கே மீன் கொடுக்கவேண்டி வரும்.

லூக்கா 12-இல் கண்டிக்கப்பட்டவன், இருக்கிற களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்தவன். நீங்கள் அந்தப் பக்கம் போக இன்னும் கனதூரம் இருக்கிறது.

வெல்லாவெளியிலிருந்து ஒரு விவசாயி: பெரும்போக நெல் முழுக்க வெள்ளத்தில் போய்விட்டது. என் விசுவாசத்தில் குறை என்கிறார்கள்.

யார் சொன்னாலும் அதை ஏற்காதீங்கள் அண்ணன். மழை நீதிமானுக்கும் அநீதிமானுக்கும் பெய்கிறது என்று இயேசுவே சொன்னார். பக்கத்து வரம்பில் உள்ளவரின் வயலும் அழிந்ததே, அது யாருடைய குறை? ஆபகூக் தீர்க்கதரிசி, "வயல்கள் தானியத்தை விளைவியாமற்போனாலும்" என்று இழப்பை ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டுத்தான் கர்த்தருக்குள் மகிழ்வேன் என்கிறான். அழிவை மறைத்துத் துதிக்கவில்லை.

தண்ணீர் வடிய முதலே படம் எடுத்து, கமநல சேவை நிலையத்திலும் கிராம உத்தியோகத்தரிடமும் பதிந்துவிடுங்கள். பிந்தினால் எவ்வளவு அழிந்தது என்று காட்ட எதுவும் மிஞ்சாது. அடுத்த அறுவடையில் வியாபாரி மூடை ஏற்ற முதல் இரண்டை விலக்குங்கள். ஒன்று விதை, வீச்சு விதைப்புக்கு ஏக்கருக்கு இரண்டு புசல் (ஒரு புசல் நெல் 20, 21 கிலோ) அளவில். மற்றது சாப்பாட்டு நெல், நாலு பேருக்கு ஆறு மாதத்துக்குச் சுமார் 350 கிலோ, கிட்டத்தட்ட 17 புசல். யோசேப்பு எகிப்தில் நல்ல வருடங்களில் ஐந்தில் ஒன்றை எடுத்து வைத்தான். கடன் உள்ள வீட்டில் அது முடியாது, விதையும் சோறும் மிஞ்சினாலே போதும்.

கல்லடியிலிருந்து ஒரு அக்கா: மனிதரிடம் சொன்னால் விசுவாசக் குறைவுதானே? தேவனிடம் மட்டும் சொல்லக்கூடாதா?

தீர்க்கதரிசி எலியா, சாரெபாத் ஊர் விதவையிடம் வாய் திறந்து தண்ணீர் கேட்டான், அப்பமும் கேட்டான். அவனுக்குச் சாப்பாடு கொடுக்கத் தேவன் அவளுக்குக் கட்டளையிட்ட பிறகும் கேட்கவேண்டி இருந்தது. ஒருவரிடம் சொல்லுங்கள் அக்கா, பத்துப் பேரிடம் வேண்டாம். "கஷ்டமாக இருக்கிறது" என்று பொதுவில் சொல்லாமல், "இந்தக் கிழமைக்கு 5 கிலோ அரிசி வேண்டும்" என்று அளவோடு சொல்லுங்கள். பொதுவில் சொன்னால் "ஜெபிக்கிறேன்" என்று பொதுவிலேயே பதில் வரும்.

பாண்டிருப்பிலிருந்து ஒரு சபைப் பொருளாளர்: வீட்டுக்கு வீடு உலையில் போடும் அரிசியில் ஒரு பிடி எடுத்து இல்லாதவர்களுக்குச் சேர்க்கும் பிடியரிசியை மறுபடி தொடங்க எண்ணுகிறோம். முன்பு மனக்கசப்பில் நின்றுபோனது.

நல்ல காரியம், கவனமாகத் தொடங்குங்கள். ஒரு பிடி 40 முதல் 50 கிராம். இருநேரமும் உலை வைக்கும்போது எடுத்தால் வீட்டுக்கு மாதம் இரண்டரை, மூன்று கிலோ. முப்பது வீடு ஒழுங்காக வைத்தால் 75 முதல் 90 கிலோ. பத்துக் கிலோப்படி ஏழெட்டு, கூடினால் ஒன்பது குடும்பம்.

அரிசியிலேயே இரண்டு பிழை வரும். பச்சை, புழுங்கல், சிவப்பு எல்லாவற்றையும் ஒரு வாளியில் கொட்டினால் ஒன்று குழையும், ஒன்று வேகாது, வாங்குகிற பெண் அடுப்படியில் மனம் நோவாள். மூன்று வாளி வையுங்கள். மாதம் தாண்டி வைக்காதீங்கள், வண்டு விழும். வண்டு விழுந்த அரிசியைக் கொடுப்பது, கொடுக்காமல் விடுவதைவிட மோசம்.

மனக்கசப்பு பெரும்பாலும் பட்டியலில் வருகிறது. அப்போஸ்தலர் 6-இல் கிரேக்க மொழி பேசிய யூத விதவைகள் அன்றாடப் பந்தியில் விடப்பட்டார்கள் என்று முறுமுறுப்பு எழுந்தது. அப்போஸ்தலர் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கவில்லை, ஏழு பேரைத் தெரிவுசெய்யச் சொன்னார்கள். அந்த ஏழு பெயரும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன பக்கத்தாரின் கையிலேயே அகப்பையைக் கொடுத்த மாதிரி. உங்கள் சபையிலும் போனமுறை கோபித்தவரில் ஒருவரைக் குழுவில் போடுங்கள்.

நிறுப்பதும் எழுதுவதும் எப்போதும் இருவர், ஒரே வீட்டாராக இருக்கக்கூடாது. பவுலே காணிக்கையைத் தனியாகக் கொண்டுபோகவில்லை (2 கொரிந்தியர் 8:20-21). ஏழைகளுக்கு உதவும் கத்தோலிக்க அமைப்பான வின்சென்ட் டி போல் சபையார் வீடு சந்திக்க இரண்டு இரண்டு பேராகப் போகிற வழக்கமும் நல்லது, கேட்டுப் பழகலாம். பெயரை ஆராதனையில் வாசிக்கவேண்டாம். பேஸ்புக்கில் படம் போடவே வேண்டாம். மொத்தக் கிலோவையும் குடும்ப எண்ணிக்கையையும் மாதம் ஒருமுறை அறிவித்தால் போதும். உழைக்கிற பிள்ளைகள் உள்ள விதவை என்றால், பிள்ளைகளோடு முதலில் கதையுங்கள் (1 தீமோத்தேயு 5:16). ஆனால் அந்தப் பேச்சு முடியும்வரை அவரைப் பட்டினி போடாதீங்கள்.

திருக்கோவிலிலிருந்து ஒரு தாய்: நீதிமானின் சந்ததி அப்பத்துக்கு இரந்து திரிகிறதைக் காணவில்லை என்று 37-ஆம் சங்கீதம் சொல்கிறது. என் பிள்ளை வெறும் வயிற்றோடு பள்ளிக்கூடம் போகிறான். அப்போ நாங்கள் யார்?

அம்மா, அது தாவீது தன் வாழ்நாளில் கண்டதைச் சொன்னது. பசித்தவனை அளக்கிற தராசாக அதைப் பிடிக்கக்கூடாது. பவுல் பசியும் தாகமும் பட்டான், குளிரிலும் நிர்வாணத்திலும் இருந்தான், அவனே எழுதியிருக்கிறான் (2 கொரிந்தியர் 11:27). அவனை யாரும் கைவிடப்பட்டவன் என்று சொல்வதில்லை. "எதுவரைக்கும், கர்த்தாவே" என்று 13-ஆம் சங்கீதம் கேட்கிறது. நீங்களும் அப்படியே கேட்கலாம், அதுவும் ஜெபம்தான்.

உங்கள் வீட்டுக்கு வந்து "பசியாறுங்கள்" என்று வெறும் வாயால் சொல்லிவிட்டுப் போனவர்களைப் பற்றி யாக்கோபு 2:16-இல் இருக்கிறது. குற்றம் அவர்கள் பக்கம். நாளைக்கே வகுப்பாசிரியரிடம் சாப்பாட்டு விஷயத்தைச் சொல்லுங்கள். அரசாங்கத்தின் அஸ்வெசும உதவிப்பணப் பட்டியலில் பெயர் இல்லையென்றால் பிரதேச செயலகத்தில் மேன்முறையீட்டு விபரம் கேளுங்கள், கொடுத்த கடிதத்தின் பிரதி ஒன்றைக் கையில் வைத்திருங்கள். உங்கள் சபைப் போதகரிடம் கேட்கக் கூச்சமாக இருந்தால், இந்தக் கேள்வி எழுதிய தாளையே மடித்துக் கொடுங்கள்.